லண்டன் கடன் அண்ணன்

ரூபாய் விழுந்தால் துக்கம் காத்த வளைகுடாத் தமிழர் உலகத்திலேயே ஒருவர்தான். ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் கம்பெனி கேம்பில், என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் இருந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், சூளை ஆபரேட்டர். அவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. லண்டன் கடன் அண்ணன் என்றால் கேம்ப் வாட்ச்மேன் வரை தெரியும்.

ரூபாய் விழுந்தால் ஊருக்கு அனுப்பும் திர்ஹாமுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அன்றைக்கு அறையில் மட்டன் பிரியாணி. அண்ணன் மட்டும் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஏனென்று கேட்டுத் தொலைத்தால் போச்சு. வெள்ளைக்காரச் சர்க்கார் ரயில் போட லண்டனில் பவுன் கணக்கில் கடன் வாங்கியதையும், இங்கே வரியை வெள்ளி ரூபாயில் வசூலித்ததையும், ரூபாய் சரியச் சரிய அதே வட்டிக்கு மேலும் மேலும் ரூபாயைக் கொட்டி அழுததையும் விலாவாரியாகச் சொல்வார். கடன் வாங்கியது அவன், வயிறு காய்ந்தது நம் குடியானவன் என்று முடிக்கும்போது குரல் தழுதழுக்கும். அதற்குள் கறித்துண்டையெல்லாம் மற்றவர்கள் பொறுக்கியிருப்பார்கள்.

ஒருமுறை டூட்டியில் பெஷாவர் சூப்பர்வைசருக்கும் இதை விளக்கப் போய், ஒரு வண்டி டைல்ஸ் கரிந்தது. ஒரு நாள் சம்பளம் போனது. அதையும் வெள்ளைக்காரன் பாவத்தில்தான் சேர்த்தார்.

மகளின் நர்சிங் படிப்புக்கு இங்கே பேங்கில் லோன் எடுத்தார். உங்களுக்கே கடனா என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"சம்பளமும் திர்ஹாம், கடனும் திர்ஹாம். அந்த சர்க்கார் பண்ண மடத்தனத்த நான் பண்ணுவேனாப்பா?"

எட்டே மாதத்தில் கம்பெனி ஒரு சூளையை அணைத்தது. அண்ணனுக்கு விசா கேன்சல். கணக்கு முடித்த பணத்தை பேங்க் பிடித்துக்கொண்டும் பாதிக் கடன் நின்றது. இப்போது திருச்சியில் ஒரு நகைக்கடை வாசலில் செக்யூரிட்டி. சம்பளம் ரூபாய், கடன் திர்ஹாம். சர்க்காருக்காவது வரி போட ஜனங்கள் இருந்தார்கள். இவருக்கு யார் இருக்கிறார்கள்? தவணை தவறினால் கேஸ் ஆகும், கேஸ் ஆனால் மறுபடி இங்கே கால் வைக்க முடியாது. திரும்பி வந்துவிடலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மனிதர் நிற்கிறார். ஐம்பத்து மூன்று வயதுக்காரரை எவன் எடுப்பான்? அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாதம் பிறந்தால் ஊரில் என் மனைவியிடம் ரூபாயைக் கொடுப்பார். நான் இங்கே அவர் கணக்கில் திர்ஹாமாகக் கட்டுவேன். எவ்வளவு கொடுப்பது என்று இங்கே எக்ஸ்சேஞ்சில் அன்றைய ரேட் கேட்டுப் போன் பண்ணுவார். போன மாதம் ரூபாய் ஒரேயடியாக விழுந்தது. புது ரேட்டுக்கு அவர் சம்பளம் தாங்காது. நான் கூசாமல் பொய் சொன்னேன்.

"பழைய ரேட்தாண்ணே. ஒண்ணும் ஏறல."

தூக்கத்தில் எழுப்பினாலும் பைசா சுத்தமாக ரேட் சொல்லும் ஆள்.

"அப்படியாப்பா," என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."