உப்பில்லாத ரசமும் ஆடாத ஆட்டமும்

மயிலாப்பூரில் வீடியோ கேமை ஒழித்தே தீர்வது என்று அம்பி முடிவு கட்டிவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள். அன்றைக்குத்தான் அவர்கள் ஃப்ளாட்ஸில் பொங்கல் விழா. மொட்டைமாடியில் பட்டிமன்றம். 'வீடியோ கேம் குடியைக் கெடுக்குமா, கெடுக்காதா?' கெடுக்கும் என்று பேச அம்பி. கெடுக்காது என்று பேச மூன்றாவது மாடி ஷண்முகப்ரியா. கிண்டியில் ஒரு கம்பெனியில் வீடியோ கேம் தயாரிப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகமே.

அம்பி ஜென்மத்தில் வீடியோ கேம் ஆடியதில்லை. செல்போனில் அலாரம் வைக்கவே பெண்டாட்டி ஜானு வரவேண்டும். ஆனால் பேச்சு? அடேயப்பா! ஒரு வாரமாக அடுக்களை வாசலில் நின்று ஜானுவுக்குப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கடுகு வெடித்தது. வெளியே அம்பி வெடித்தார்.

"ஏன்னா, ஒரு சந்தேகம். அதை நீங்க ஆடிப் பாத்திருக்கேளா?"

"விஷத்தைக் குடிச்சுப் பாத்துட்டா விஷம்னு சொல்லணும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தப் பொண்ணு மைக்ல இதையே கேட்டா என்ன பண்ணுவேள்?"

நாலு மாடி ஜனத்துக்கு முன்னால் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடுமே! அம்பி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். மாட்டிக்கொண்டது ஒரு பாயிண்ட்.

"ஜானு, நீ சமைக்கறச்சே ருசி பாக்கறயோ?"

"நைவேத்யம் ஆகாம எப்படிப் பாக்கறது? எச்சலாயிடுமே."

"ஆனாலும் உப்பு உறைப்பெல்லாம் சரியாத்தானே இருக்கு? நாக்குல வைக்காமலே உனக்குத் தெரியறது. ஆடாமலே எனக்குத் தெரியறது. எப்படி?"

"பேஷ்," என்றாள் ஜானு.

ஜானு பேஷ் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அம்பி இருக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்தபோதும் வாய் பேச்சைத்தான் முணுமுணுத்தது. ஜானு ரசம் விட்டாள். கல்யாணமான நாளாகக் குறை சொல்லியே பழகிய வாய், கை சோற்றைத் தொடுமுன்பே சொல்லிவிட்டது.

"ரசத்துல உப்பு தூக்கல்டீ."

"அப்படியா? நான் உப்பே போடலையே!"

அம்பி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். சப்பென்று இருந்தது.

"மறந்துட்டயா?"

"மறக்கலே. போடலே."

"பெருமாளுக்கு உப்பில்லாமயா காட்டினே?"

"உப்பிலியப்பன் அவர். குறை சொல்லமாட்டார். அதுவும் வாயில வைக்காம சொல்லவே மாட்டார்."

அம்பி குரலைத் தாழ்த்தினார். "ஜானு, இது நம்ம ஆத்தோட இருக்கட்டும். மாடிக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"பாக்கலாம்," என்றாள்.

சாயங்காலம் ஃப்ளாட்ஸ் செக்ரெட்டரி முத்துகிருஷ்ணன் மைக்கைத் தட்டினார். "தொழில்காரங்களே பேசுனா விளம்பரம் மாதிரி ஆயிரும்னு ஷண்முகப்ரியா விலகிக்கிட்டாங்க. அவங்களுக்குப் பதிலா, மூணு மாசமா டேப்லெட்ல கேம் ஆடி அசத்திக்கிட்டிருக்கிற நம்ம ஜானு மாமி பேசுவாங்க!"

அம்பிக்கு நாற்காலியே ஆடியது. அடப்பாவி! மூன்று மாதமாக இவர் கண்ணில் படவே இல்லையே! ஒரு வாரமாக அத்தனை பாயிண்டையும் எதிராளியிடமே அல்லவா ஒப்பித்திருக்கிறார்!

ஜானு முதலில் பேசினாள். "கண்ணு கெட்டுப்போகும்பார் எங்காத்துக்காரர். விடிய விடிய கிரிக்கெட் பாக்கறாரே, அந்தக் கண்ணு கெடலையே! குடி கெடும்பார். நான் மூணு மாசமா ஆடறேன், ஒரு வேளை சமையல் நின்னுதான்னு கேளுங்கோ." ஒன்று விடாமல் உடைத்துப் போட்டாள். கடைசியில், "இன்னிக்கு மத்தியானம் ரசம்..." என்று ஆரம்பித்தாள்.

கபாலீ, காப்பாத்துப்பா! அம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஜானு அவரைப் பார்த்தாள். "வேண்டாம், அது ஆத்து விஷயம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன். ருசி பாக்காம சமைக்கலாம். ருசி பாக்காம குறை சொல்லப்படாது."

மாடி முழுக்கக் கைதட்டல். அம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொடுக்கவில்லையே மகராசி! எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நான் அதை ஆடினதே இல்லே. ஆடிப் பாத்துட்டு அடுத்த பொங்கலுக்கு வந்து திட்டறேன்."

அவருக்கும் கைதட்டினார்கள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. நல்லவேளை, பேசவும் வேண்டாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி வீட்டுக்கு வந்தார். அகோரப் பசி.

ஜானு தட்டு போட்டு ரசம் விட்டாள். அம்பி இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. பவ்யமாகப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். கண்ணில் தண்ணி தளும்பிற்று.

"என்னடீ இது..."

"மத்தியானம் போடாத உப்பையும் சேத்துப் போட்டேன். வாயில வெச்சாச்சோன்னோ? இப்போ தாராளமா குறை சொல்லுங்கோ!"