காலுறையில் கட்டிய தேயிலைத்தூள்

ஒரு கருவியின் கையேட்டை மூன்று முறை படித்தவனைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை. ஒரு முறையும் படிக்காதவன் பயந்து பயந்துதான் தொடுவான், நாலு பேரைக் கேட்டுத்தான் தொடுவான். மூன்று முறை படித்தவன் யாரையும் கேட்கமாட்டான். இருபத்தாறு வயதில் நான் அப்படி ஒருவனாக இருந்தேன். அதன் பலனை எங்கள் தோட்டத்துப் பெண்கள் இன்றுவரை நாளுக்கு மூன்று கிலோ வீதம் அனுபவித்து வருகிறார்கள்.

அன்றைய நாட்குறிப்பு என் முன்னால் இருக்கிறது. (எல்லா நாட்களுக்கும் வைத்திருக்கிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, ஹட்டன் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பதுவரை. வீட்டில் இதை யாரும் படிப்பதில்லை.) தேதியை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் வருகிற கணக்கப்பிள்ளை இன்னும் வேலையில் இருக்கிறார். என் அக்கா மகேஸ்வரியும் இன்னும் அவரிடம்தான் கொழுந்து நிறுக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை என்பது போதும்.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ பறித்தால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கு. தராசின் முள் இருபதில் நிற்கும். கணக்கப்பிள்ளையின் பேனா பதினேழு என்று எழுதும். கேட்டால், "தண்ணிம்மா, கொழுந்துல தண்ணி" என்பார். வெயில் கொளுத்துகிற நாளிலும் அதே தண்ணீர். பெண்கள் தோட்ட நிர்வாகியான துரையிடம் மனுக் கொடுத்தார்கள். "முள் காட்டுறதுதான் புத்தகத்தில எழுதுறது. யாரும் ஒரு கிலோகூட வெட்டுறதில்லை. வெட்டினா ஆதாரம் காட்டுங்க" என்றார் துரை. மனுவில் கைநாட்டு வைக்காமல் முதல் கையெழுத்துப் போட்டவள் அக்கா. தொலைபேசியை நீட்டிப் படம் எடுக்கவும் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை, "அத உள்ள வச்சாத்தான் நிறுப்பேன்" என்று தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இந்த நிலையில்தான் ருவன் வந்தார். கொழும்பிலிருந்து தேயிலையைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க, துரையின் அனுமதியோடு, ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட ஒரு சினிமா கேமராவோடு. இயக்குநரும் அவரே, கேமராவைத் தூக்குபவரும் அவரே. உதவியாளர் ஒருவர் இருந்தார். மலைப்பாதை வளைவுகளில் ஏழு முறை வாந்தி எடுத்து (எண்ணிக்கை அவரே சொன்னது) ஹட்டனிலிருந்து ரயிலேறித் திரும்பிவிட்டார். தன் பையைத் தவறாமல் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியன். வார இறுதிகளில் கல்யாணங்களைச் சின்னக் கேமராவில் பிடிப்பேன். கேமராவைப் பிடித்துக்கொண்டு நடந்தால் குலுங்காமல் இருக்க மோட்டார் வைத்த ஒரு கைப்பிடி உண்டல்லவா, கிம்பல் என்பார்கள், அதில் தொலைபேசி வைக்கிற அளவுக்கு ஒன்று என்னிடமும் இருந்தது. ருவன் கேட்டார் (சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி): "மல்லி, கிம்பல் பெலன்ஸ் பண்ணத் தெரியுமா?"

"தெரியும் சேர்," என்றேன். "மூணு தடவ படிச்சிருக்கேன்."

"படிச்சதா, செஞ்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சேர்."

அக்கா அவரிடம் நேராகவே பேசினாள். "நான் கொழுந்து ஆயுறதுல தொடங்கி, தராசுக்குப் போயி, முள்ளக் காட்டி, அப்பிடியே புத்தகத்தக் காட்டணும். நடுவுல நிறுத்தப்படாது. நிறுத்தினா வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிப்புடுவாங்க."

ருவனுக்கும் ஒரே ஓட்டத்தில் எடுக்கத்தான் ஆசை. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். "கேமரா முன்னாடி கணக்கப்பிள்ளை கிலோவ வெட்டுவாரா, அக்கா?"

"கேமராவப் பாத்தா சிரிப்பாரு. தலை சீவிக்குவாரு. கை மட்டும் கழிச்சிரும். இருவது வருசமாப் பழகின கை."

அன்று காலை ஏழேகாலுக்கு தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறையில், அக்காவின் மேசைமேல் வேலையைத் தொடங்கினேன். கிம்பலைச் சமன் செய்யும்போது மின்சாரம் இருக்கக் கூடாது. கேமராவைத் தட்டில் பூட்டி, பூட்டைத் தளர்த்தி, முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். கையை எடுத்தாலும் கேமரா எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். பிறகு லென்ஸ் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறதா, பக்கவாட்டில் சரிகிறதா என்று ஒவ்வொரு அச்சாகப் பார்க்க வேண்டும். எடை சமமாக இருந்தால்தான் மோட்டார் தாங்கும். இல்லாவிட்டால் நாள் முழுக்க அந்த எடையோடு மல்லுக்கட்டிக் களைத்து விழுந்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

லென்ஸ் கனமானது. தட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் கேமரா, சம்பள நாள் மாலையில் கடைத்தெருவிலிருந்து திரும்புகிறவர் தலையைப் போல, முன்னால் தொங்கியது. பின்பக்கம் கட்டும் எடைக்கட்டிகள் வேண்டும். அவை வாந்தி எடுத்தவரின் பையில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. கல்லைக் கட்டினால் கூடவோ குறையவோ செய்ய முடியாது; தூளாக இருந்தால் கரண்டி கரண்டியாகச் சரி செய்யலாம். என் பழைய வெள்ளைக் காலுறை ஒன்றை எடுத்தேன். (துவைத்தது. எங்கள் பேச்சில் மேஸ்.) அக்காவின் டின்னில் இருந்த தேயிலைத்தூளைக் கொட்டினேன். கேமராவின் பின்னால் கட்டினேன். ஒரு கரண்டி கூட்டி, அரைக் கரண்டி குறைத்து, நானூறு கிராமில் கேமரா அசையாமல் நின்றது. சாய்த்துவிட்டால் சாய்த்த இடத்திலேயே நின்றது. அந்த அழகை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"தேயிலைய ஏன்டா மேஸுக்குள்ள போடுற?" என்றாள் அக்கா.

"பாரத்துக்கு."

"நனைஞ்சா?"

"அக்கா, இது டெக்னிக்கல்."

பதினொரு வருடம் கொழுந்து சுமந்தவளிடம் ஈரத்தின் எடையைப் பற்றி நான் சொன்ன பதில் இது. நாட்குறிப்பில் இந்த வரியை எழுதவில்லை. எழுதாத வரிகள்தான் நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

ருவன் விரலால் கேமராவைத் தட்டிப் பார்த்து, "ஷோக் மல்லி!" என்றார். நான் கொழும்புக்குப் போய்விடலாமா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மதியம் 1.50க்குத் தூறல் பிடித்தது. மழை என்பதால் பகல் நிறுவை இல்லை, மாலையில் ஒரே நிறுவை என்று அறிவித்தார்கள். அக்கா தன் கொழுந்துச் சாக்கைப் படங்குத் துணியால் இறுக மூடி, தேயிலைச் செடிக்கு அடியில் வைத்தாள். ருவன் கேமராவைப் பிளாஸ்டிக் உறையால் மூடினார். உறை நீளமாக இருந்தால் கிம்பலின் கையில் சிக்கும் என்று நான் பின்பகுதியைக் கத்தரித்துவிட்டேன். கேமரா காய்ந்திருந்தது. காலுறை வெளியே தொங்கியது. ஒரு மணி நாற்பது நிமிடம்.

மூன்றரைக்குக் கிம்பலை இயக்கியபோது மோட்டார் முனகியது.

"என்ன சத்தம் மல்லி?"

"குளிர் சேர். சூடானா சரியாகிடும்."

ஏதாவது ஒன்று மாறினால், ஒரு மூடியைக் கழற்றினாலும்கூட, முதலிலிருந்து மறுபடி சமன் செய் என்று கையேட்டில் இருந்தது. அந்த வரியின் கீழ் நான் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

அக்கா கடைசிப் பிடிக் கொழுந்தை ஆய்ந்து சாக்கில் போட்டாள். ருவன் அவள் பின்னால் நடந்தார். சேற்றுப் படிகளில் அவர் இறங்கியபோதும் படம் குலுங்கவில்லை. பாதையோரத்தில் மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டிய முக்காலியில் தராசு தொங்கியது. கணக்கப்பிள்ளை நிஜமாகவே தலை சீவியிருந்தார். குடைக்குக் கீழே ஒரு ஸ்டூலில் புத்தகம் விரிந்திருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

சாக்கு ஏறியது. முள் ஆடி ஆடி இருபதில் நின்றது. கேமரா முள்ளின் முகத்தருகே போய் நின்றது. கணக்கப்பிள்ளையின் கை புத்தகத்துக்குப் போனது. சிரித்துக்கொண்டே ஒன்று போட்டார். ஏழு போட்டார். நான் பார்த்தேன். அக்கா பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய ஒன்று மட்டும் பார்க்கவில்லை.

ருவன் முள்ளிலிருந்து புத்தகத்துக்குத் திரும்பிக் குனிந்த அந்த நொடியில் மோட்டார் கீச்சிட்டது. கேமரா குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. பிறகு உயிர் போனதுபோல் தளர்ந்து, பின்பக்கம் கீழே விழுந்து, லென்ஸ் வானத்தைப் பார்த்தது. ஊறிக் கனத்த காலுறை புத்தகத்துக்கு மேலே ஊசலாடி, அன்றைய பக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றியது. சொட்டு இல்லை, ஊற்று. நல்ல சாயம். மகேஸ்வரியின் பெயருக்கு எதிரே இருந்த பதினேழு, பார்த்துக்கொண்டிருக்கையில் கரைந்து பழுப்பானது.

"சீனி போடலையா மாஸ்டர்?" என்றாள் வரிசையில் நின்ற பாக்கியம் அக்கா. யாரோ சிரித்தார்கள். என் அக்கா சிரிக்கவில்லை.

கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். காலுறையை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"என்ன மாஸ்டர் தம்பி இது?"

"தேயிலைத்தூள் ஐயா."

"எவ்வளவு வச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆனால் துல்லியம் என் நோய்.

"சரியா நானூறு கிராம் ஐயா. காலையில."

அவர் அக்காவின் சாக்கை இறக்கிவிட்டு, தராசின் கொக்கியில் என் காலுறையைத் தொங்கவிட்டார். முள் ஒரு கிலோவைத் தொட்டது. அவர் வரிசையைப் பார்த்து, மிகவும் பொறுமையாகச் சொன்னார்: "பாத்துக்கங்கம்மா. காலைல நானூறு, இப்ப ஒரு கிலோ. படிச்ச பிள்ள கட்டினது. இத நான் வாயால சொன்னா திருடன்."

"எங்க கொழுந்து நனையல ஐயா," என்றாள் அக்கா. "படங்கு போட்டு மூடித்தான் வச்சேன். தொட்டுப் பாருங்க."

"கேமராவையும்தாம்மா மூடி வச்சிருந்தாங்க."

புதிய பக்கம் ஒன்றைப் புரட்டினார். பதினேழு என்று மறுபடி எழுதினார், இம்முறை எல்லோருக்கும் தெரியும்படி, நிதானமாக. கிம்பல் எழுந்திருக்கவில்லை. ருவன் கேமராவை மட்டும் கழற்றித் தோளில் வைப்பதற்குள் புத்தகம் மூடப்பட்டுவிட்டது.

அடுத்த வாரம் அக்காவும் நான்கு பெண்களும், ருவன் அனுப்பிய காட்சியோடு, என்னையும் கூட்டிக்கொண்டு துரையிடம் போனார்கள். துரை பொறுமையாகப் பார்த்தார். முள், இருபது. பிறகு வெள்ளை வானம். பிறகு "ஐயோ" என்று என் குரல்.

"புத்தகம் எங்கே?" என்றார் துரை.

அங்கே நின்றிருந்த கணக்கப்பிள்ளை காலுறையை வெளியே எடுத்தார். காய வைத்து, தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னார். துரை என்னைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார். எடையைப் பொறுத்தவரை உண்மைதான். தலையாட்டினேன்.

அதுவரை யாரும் வெட்டவில்லை என்று சொல்லப்பட்ட மூன்று கிலோ, அந்த மாதத்திலிருந்து ஈரப்பதத்துக்கான கழிவு என்று அறிவித்தல் பலகையில் மூன்று மொழியிலும் ஏறியது. தமிழ்ப் பிரதியை எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். நன்றாகத்தான் எழுதினேன். ஓரம் விட்டு, கோடு போட்டு.

ருவனின் படம் வெளிவந்தது. அக்காவின் விரல்கள் நான்கு நொடி வருகின்றன. முடிவில், பெயர்கள் ஓடும்போது, பின்னால் புல்லாங்குழலோடு ஒரு நீண்ட வெண்பனி வானம். யாரோ வெளிநாட்டவர் அதன் அமைதியைப் பாராட்டி எழுதியிருக்கிறார். "ஐயோ"வை வெட்டிவிட்டார்கள்.

அந்த மூன்று கிலோவுக்கு எங்கள் மலையில் 'சுந்தர் கிலோ' என்று பெயர். சுந்தர் நான்தான். பாக்கியம் அக்கா வைத்த பெயர், பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. வட்டவளையில் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அம்மா என் பெயரைக் கேட்டுவிட்டு, "பொகவந்தலாவ சுந்தரா? கிலோ சுந்தரா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணம் எப்படியோ நடந்தது. என் மனைவி கறிக்கு உப்புக் கூடினால்கூட அந்தப் பெயரைத்தான் சொல்கிறாள்.

அக்கா மட்டும் சொல்லமாட்டாள். மற்றவர்கள் சொல்லிச் சிரித்தால், "சிரிக்காதீங்கடி, இன்னொரு தடவ புடிக்கலாம்" என்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் கேட்பாள்: "அந்தக் கொழும்பு அண்ணன் மறுபடி வருவாராடா?" கேட்டுப் பார்க்கிறேன் என்பேன். முதல் இரண்டு முறை கேட்டேன். பிறகு கேட்காமலேயே, கேட்டதாகச் சொன்னேன். இப்படி இரண்டு வருடம்.

ஒரு மாலை, மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லாத நாள், அக்கா வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "எத்தனை கிலோ மதினி?" என்று என் மனைவி கேட்டாள்.

"இருவது," என்றாள் அக்கா. "சுந்தரக் கழிச்சா பதினேழு."

வீடே சிரித்தது. பக்கத்து வீட்டிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. அக்காவும் நன்றாகச் சிரித்தாள். சேர்ந்து நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் ருவன் வருவாரா என்று என்னிடம் கேட்கவில்லை.