பிரிவுக் காட்சியில் ஓர் உறுமல்

பல்தசார் ஒரு முடிவு எடுத்தால் அதற்கு முன்னுரை, அடிக்குறிப்பு எல்லாம் இருக்கும். மெக்ஸிகோ நகரத்து நாளிதழ் ஒன்றில், வீட்டில் பார்க்க டிவிடி வட்டாக வெளிவரும் படங்களுக்கு விமர்சனம் எழுதி நட்சத்திரம் போடுவது அவர் தொழில். வீட்டில் சூப்புக்கும் போடுவார். அன்று எடுத்த முடிவு: படுக்கையறையை விட்டுக்கொடுப்பதில்லை.

கேட்டவள் மனைவி ஹசிந்தா. பிறமொழிப் படங்களுக்கு ஸ்பானிய மொழியில் குரல் கொடுக்கும் வேலை அவளுக்குப் புதிதாய் வாய்த்திருந்தது. தெருச் சத்தம் எட்டாத அறை அது ஒன்றுதான். அங்கே துணி அலமாரிக்குள், கோட்டுகளுக்கு நடுவே நின்று பதிவு செய்துவந்தாள்.

“அறை முழுசா வேணும் கிழவா. நீ ஹால்ல படுத்துக்க.”

“டப்பிங் என்ன கலையா? ஓவியத்து மேல சுண்ணாம்பு அடிக்கிற வேலை. நான் சப்டைட்டில் படிச்சுத்தான் பார்ப்பேன்.”

“என் குரலுக்கு என்ன குறை?”

“குறையே இல்ல. பழைய மெத்தை, இரும்பு வாங்குறோம்னு ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு ஒரு வண்டி வருதே, அதுக்குன்னே செஞ்ச குரல்.”

“எவனாவது விமர்சகன் பாராட்டி எழுதினா?”

“எழுதட்டும். அன்னைக்கே அறை உனக்கு. கட்டிலை என்ன வேணா பண்ணிக்க.”

அடுத்த வாரம் ஒரு டேனிஷ் காதல் படத்தின் வட்டு வந்தது. மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். அன்று பார்த்துக் கண்ணாடியைக் காணோம்.

“ஹசிந்தா, என் கண்ணாடி?”

“மூக்குல பாத்தியா?”

மூக்கில் இல்லை. சப்டைட்டில் எறும்பு ஊர்வலமாகத் தெரிந்தது. வேறு வழியின்றிக் கொள்கையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பானியக் குரலில் படத்தை ஓடவிட்டார். நாயகி பேசினாள். பல்தசார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கைக்குட்டையைத் துழாவினார். மாலையில் நாளிதழ் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டுரையைச் சொல்லி முடித்தார்.

ஞாயிறு காலை. காப்பியும் பீன்ஸும் மேசையில் இருந்தன. ஹசிந்தா நாளிதழை விரித்து வாசித்தாள். அவள் மூக்கில் அவருடைய கண்ணாடி.

“‘படத்தில் துளியும் துல்லியம் இல்லை. எங்கும் பனிமூட்டம்.’ பாவம், வட்டு என்ன பண்ணும்?”

பல்தசார் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

“‘நாயகியின் ஸ்பானியக் குரலோ தேன். இதை வாழ்நாளெல்லாம் கேட்கக் கொடுத்துவைத்தவன் எவனோ.’” தாளைத் தாழ்த்தினாள். குரலைக் கொஞ்சம் குழைத்து, நாயகி காதலனிடம் கெஞ்சுவதைப் பேசிக் காட்டினாள். “‘போகாதே ஹென்ரிக்.’”

கரண்டி தரையில் விழுந்தது. இருபது வருஷமாய்க் குப்பையைக் கொட்டிவரச் சொன்ன குரல் அது. ஒரு நாளும் அவர் காதில் ஏறியதில்லை.

பல்தசார் தான் கொடுத்த வாக்கில் ஓட்டை தேடினார். “கட்டுரையை முழுசா படி. ஒலிப்பதிவைக் கிழிச்சிருக்கேன். மொத்தத்துல அது பாராட்டே இல்ல.”

“படிச்சேனே. ‘பிரிவுக் காட்சியில் பின்னணியில் ஒரு பன்றி உறுமுகிறது. அந்த உறுமலுக்குக் காரணமானவரை இனி ஒலிப்பதிவு அறைப்பக்கமே சேர்க்கக் கூடாது.’ அழகா எழுதியிருக்கீங்க, விமர்சகரே.”

“பின்னே? காதலி உருகி நிக்கிற நேரத்துல அப்படி ஒரு சத்தமா? யார் அந்த ஆளு?”

“மதியம் சாப்பிட்டதும் அந்தக் கட்டில்ல விழுறது யாரு? நான் அலமாரிக்குள்ள ஹென்ரிக்கை நினைச்சு அழுதுட்டிருந்தேன். நீ வெளியில பக்கவாத்தியம் வாசிச்சிட்டிருந்தே.”

பல்தசார் அடிக்குறிப்பைத் தேடுபவர்போல மேசைக்கடியில் குனிந்து கரண்டியை எடுத்தார்.

தெருமுனையில் ஒலிபெருக்கி இழுத்துக் கூவியது: “பழைய மெத்தை... கட்டில்... இரும்பு வாங்குறோம்...”

ஹசிந்தா கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் பத்திரமாக மாட்டினாள்.

“வண்டி வந்திருச்சு. மெத்தையை அந்த முனையில பிடி.”