எருமைக்கு நாற்பத்திரண்டு புரவலர்கள்

நிரந்தர வேலையை விடுவதற்கு ஒரு மனிதனுக்குத் தக்க காரணம் வேண்டும். எனக்கு ஓர் எருமை இருந்தது.

குடிநீர் அலுவலகத்தில் பதினோரு வருடம் குழாய் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது என்று காகிதத்தில் காட்டுவது என் பணி. அதில் தண்ணீர் வருமா என்பது வேறு பிரிவு. மதியம் சாப்பிட்டுவிட்டு மேலதிகாரி கண்ணயரும் நேரத்தில், பழைய வரைபடங்களின் பின்பக்கத்தில் படக்கதை ஒன்று வரைய ஆரம்பித்தேன். ஓர் எருமை, தான் எருமைதான் என்று சான்றிதழ் வாங்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. கதை அவ்வளவுதான். வாரம் ஒரு பக்கம் இணையத்தில் போட்டேன். ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர், "உங்களைப் போன்ற கலைஞர்கள் சுதந்திரமாக இயங்க வேண்டும்" என்று எழுதினார்கள். இப்படி எழுதியவர்களில் என் அக்கா இல்லை.

அக்கா கீழே தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டு மாடியறையில்தான் என் ஜாகை.

"மாசம் பொறந்தா சம்பளம் வருது. அதை விட்டுட்டு என்னடா பண்ணப் போறே?"

"புரவலர்கள் இருக்காங்கக்கா. முடிஞ்சதை மாசாமாசம் அனுப்புவாங்க. நான் பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டே இருப்பேன். எனக்கு மேல யாரும் கிடையாது."

"இப்ப ஒருத்தர் மேல இருக்காரு. அவரும் மத்தியானம் தூங்கிடறாரு. நல்லா யோசிச்சுக்கோ."

நான் யோசிக்கவில்லை. யோசித்தால் கலை கெட்டுவிடும் என்பது என் கொள்கை.

ராஜினாமா செய்த கையோடு மூன்று படிநிலைகளை நிறுவினேன். நலம்விரும்பி, ஆதரவாளர், புரவலர். நலம்விரும்பிக்கு நன்றி உண்டு. ஆதரவாளருக்கு நன்றியுடன் பென்சில் வரைவுகள் உண்டு. புரவலருக்கு இவை போக, கதைப்போக்கில் கருத்துச் சொல்லும் உரிமையும் உண்டு. இந்தக் கடைசி வரியை எழுதும்போது என் கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. அழகான கையெழுத்தில் வந்தது.

முதல் மாதமே நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். முன்பின் பார்த்திராதவர்கள், ஓர் எருமையை நம்பிப் பணம் அனுப்பினார்கள். அந்த மாதம் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது என் எருமை. மூட்டையை இறக்கி வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

நன்றிக்கடன்பட்டவன் சும்மா இருக்கலாமா? நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியே நன்றிக் கடிதம் எழுதினேன். அதற்கு எட்டு நாள் ஆயிற்று. கடிதம் கிடைத்ததென்று அவர்கள் எழுதினார்கள். அப்படி எழுதியதற்கு நன்றி தெரிவித்து நான் எழுதினேன்.

பிறகு புரவலர்கள் கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் அழைத்தவர் ஒரு பல் டாக்டர் அம்மாள்.

"எருமை எவ்வளவு நேரம்தாங்க வரிசையில நிக்கும்? பாவமா இருக்கு. ஒரு நாற்காலி போடக் கூடாதா?"

"எருமை நாற்காலியில உட்காராதுங்க, டாக்டர்."

"சான்றிதழ் மட்டும் வாங்குமா?"

நியாயம்தானே. நாற்காலி வரைந்தேன். உடனே ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் புரவலர். 'மேற்படி நாற்காலி எந்த ஒப்புதலின் பேரில் வரையப்பட்டது என்பது தெளிவாக இல்லை. இனி மாதந்தோறும் பணி அறிக்கை அனுப்பினால் நலம்.' மூன்றாவதாக ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சியாளர் வந்தார். அவர் படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"இப்ப யாரும் படைப்பைப் பார்க்கறதில்ல பிரதர். படைப்பாளியோட பயணத்தைத்தான் பார்க்கறாங்க. நீங்க பென்சில் சீவறதை வீடியோ எடுத்துப் போடுங்க. ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருங்க. அதையும் போடுங்க."

போட்டேன். பென்சில் சீவும் வீடியோவுக்குக் கிடைத்த வரவேற்பு எருமைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. புரவலர்கள் பெருகினார்கள். கருத்துகளும் பெருகின. ஆகவே தணிக்கை அதிகாரி தலைமையில் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தோம். செவ்வாய்தோறும் பகல் பதினொரு மணிக்குக் கணினித் திரையில் கூடுவோம். எருமையை நாற்காலியில் உட்கார வைப்பதா, நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. சரிபாதியாகப் பிரிந்தது. மறு வாக்கெடுப்புக்கு விதிமுறை வேண்டுமென்றார் தலைவர். விதிமுறை எழுதினேன். அறிக்கை எழுதினேன், கூட்டக் குறிப்பு எழுதினேன், தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தும் எழுதினேன். மூன்று மாதத்தில் வரையாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது எருமை.

இந்த நிலையில் நலம்விரும்பி ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: 'எருமை என்ன ஆச்சு சார்?' நான் உரிய முறையில் பதில் அனுப்பினேன்: 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் படிநிலைக்குரிய நன்றி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

அடுத்த செவ்வாய்க்கிழமை, குழு முடிந்து கீழே இறங்கினேன். கடையில், அக்காவுக்கு எதிரே, காக்கிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பஸ் கண்டக்டர். மடியில் டிக்கெட் பை.

"உன்னைப் பார்க்கத்தான் ரெண்டு மணி நேரமா காத்திருக்காங்க. எருமை என்ன ஆச்சுன்னு எழுதினது இவங்கதானாம்," என்றாள் அக்கா.

"நீங்க எந்தப் படிநிலைங்க?" என்று கேட்டேன்.

"எது ரொம்பக் கம்மியோ, அது சார்."

"அவங்களுக்கு நேர்ல சந்திக்கிற வசதி இல்லையே."

தையல் மெஷின் சட்டென்று நின்றது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

கண்டக்டர் கோபப்படவில்லை. "பென்ஷன் ஆபீஸ்ல, அம்மா உயிரோட இருக்காங்கன்னு சான்றிதழ் கேட்கறாங்க சார். அம்மாவையே கூட்டிட்டுப் போய் நிறுத்தியாச்சு, போதாதாம். வாராவாரம் போறோம். வரிசையில நிக்கும்போது உங்க எருமையைக் காட்டுவேன். அம்மா சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க. மூணு மாசமா அதுவும் வரல. கால் வலிக்குதுன்னு அழறாங்க. சான்றிதழ் உங்களால தர முடியாது. எருமையையாவது தரலாமே சார்?"

மாடிக்குப் போனேன். கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பது நாளில் பன்னிரண்டு பக்கம் வரைந்தேன். யாருடைய ஒப்புதலும் பெறவில்லை. எருமையின் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லை எண்ணி, "பாவம்" என்று சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பும் அதிகாரி பல் டாக்டர். சான்றிதழுக்கு விண்ணப்பித்ததற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்பவர் தணிக்கை அதிகாரி. வரிசையில் நிற்பதை எல்லாப் பக்கமிருந்தும் படம் பிடிப்பவர் பயிற்சியாளர். கடைசி ஜன்னலில் என் பழைய மேலதிகாரியை உட்கார வைத்தேன். அவர் சான்றிதழ் தரவில்லை. எருமை வருகை தந்ததற்கு மிக நீண்ட நன்றிக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார். எருமை அதை அங்கேயே தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

இணையத்தில் போட்டுவிட்டு, மறுபடி குழாய் வரையத் தயாரானேன். மானமுள்ள புரவலர் எவரும் இனி இருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

முதலில் பல் டாக்டர் அழைத்தார். "அந்த ஆடிட்டரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. ஆமா, பல்லை எண்ணறாங்களே, அது யாருங்க?"

தணிக்கை அதிகாரியின் கடிதம் வந்தது. 'பல் டாக்டரின் மனம் புண்படுமோ என்று அஞ்சுகிறேன். மற்றபடி சிறப்பு. கணக்குக் கேட்கும் அந்த அதிகாரி மட்டும் சற்று மிகை. அப்படி யாரும் இருப்பதில்லை.' பயிற்சியாளர், தன் வகுப்பு முழுவதையும் புரவலராகச் சேர்த்துவிட்டார். ஒருவர்கூட விலகவில்லை. ஒருவருக்குக்கூட வலிக்கவில்லை. மனிதர்களின் அறியாமையை எண்ணி நான் மனம் விட்டுச் சிரித்தேன்.

அந்த வாரமே கண்டக்டர் மறுபடி வந்தார். கையில் அந்தப் பக்கங்களின் நகல்.

"அம்மா சிரிச்ச சிரிப்புல வரிசையே திரும்பிப் பார்த்துச்சு சார். எல்லாம் நல்லா இருக்கு. ஆனா கடைசி ஜன்னல்ல உங்களையே இப்படிக் கிண்டல் பண்ணிக்கிட்டீங்களே, அதுக்குத்தான் பெரிய மனசு வேணும்."

"அது நான் இல்லைங்க," என்றேன். "அது என் பழைய மேலதிகாரி."

அக்கா கையை நீட்டி அந்தப் பக்கத்தை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"உன் மேலதிகாரியை நான் பார்த்ததே இல்ல," என்றாள். "இந்த ஆளுக்குத் தினமும் மூணு வேளை சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்."