தொண்ணூறாயிரம் ஒளியாண்டும் என் கால்பெட்டியும்

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
1922 அக்டோபர் 19, வியாழன் மாலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கான் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் உனா பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்காலும், சித்தியின் கோழிகளும், கலங்கரை விளக்கின் கண்ணாடியும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இதை ஏணிமேல் நின்று படிப்பதாக இருந்தால், தூரிகையை வைத்துவிட்டு முதலில் இறங்கிவிடுங்கள்.

படகுத்துறைக் கம்பத்தில் பாஸ்டன், போர்ட்லந்து, ஹாலிஃபாக்ஸ் பலகைகளுக்குக் கீழே "உனா ட்வோமியின் நட்சத்திரக் கொத்து, 90,000 ஒளியாண்டு" என்று புதுப்பலகை அடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் டோலன் சாமியார் அதை மந்திரிக்க வருகிறாராம். அது சாதா மைலா, கடல் மைலா என்றும் கேட்டாராம். அந்தக் கொத்து நம் ஊர் வானத்தில் ஏறவே ஏறாது என்பதால் அம்புக்குறி மீன் கொட்டகையின் தரையைக் காட்டுகிறதாம். படித்துவிட்டு அழுதேன். முக்கால் பங்கு பெருமையில். மீதிக் கால் பங்கு எதற்கென்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சித்தப்பா, அது தொண்ணூறாயிரம் இல்லை. அறுபத்தோராயிரம்.

இந்த வானாய்வகத்தில் என் வேலை உங்களுக்குப் புரியாததில்லை. இருட்டில் வரும் மாலுமி ஒரு விளக்கைக் கண்டதும் எண்ண ஆரம்பிக்கிறான். பத்து விநாடிக்கு ஒருமுறை மின்னினால் அது உங்கள் விளக்கு. உங்கள் விளக்கு எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அதை வைத்துக் கரையின் தூரத்தைச் சொல்லிவிடுவான். வானத்திலும் அப்படிச் சில நட்சத்திரங்கள் உண்டு. உப்பிச் சுருங்கி, ஒளி கூடிக் குறையும். நிதானமாகத் துடிப்பது பெரிய விளக்கு, அவசரமாகத் துடிப்பது சின்ன விளக்கு. எத்தனை நாளுக்கு ஒரு துடிப்பு என்று தெரிந்தால் தூரம் கைக்கு வந்துவிடும். என் கொத்தில் அந்த ஜாதி நட்சத்திரம் ஒன்றே ஒன்று. ஆறு நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எழுதினேன். அது மூன்று நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது. ஆகவே விளக்கு நான் நினைத்ததைவிடச் சின்னது, கொத்து நான் நினைத்ததைவிடக் கிட்டே.

பெரு நாட்டில் அரெகிப்பா மலையில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஓர் இரவு ஒரு கேமராவிலும், மறு இரவு இன்னொன்றிலும் படமெடுத்து, கண்ணாடித் தகடுகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புவார்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் நட்சத்திரங்கள் தகட்டில் கறுப்பாக இருக்கும். முதல் கேமராவின் தகடுகள் என்னிடம் வந்தன. இரண்டாவதன் பெட்டியைக் காணவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் பார்ப்பவளுக்கு மூன்றாம் நாள் மின்னியது எப்படித் தெரியும்? ஆறாம் நாள் மின்னியதுதான் தெரிந்தது.

அந்தப் பெட்டியை, தகடு பார்க்கும் எங்கள் அறையே சேர்ந்து தேடியது. தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோணியாருக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்து மேஜை எட்னா தினமும், "என்ன உனா, உங்க அந்தோணியாருக்கு இந்த வாரமும் லீவா?" என்பாள்.

நான் குட்டை என்பது ஊரறிந்தது. இங்கே நாற்காலிகளை நெட்டைப் பெண்களுக்கென்றே செய்திருக்கிறார்கள். முதல் நாள் என் கால் தரையில் எட்டவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் ஹாத்தவேயிடம் கால்மனை கேட்க வாய் வரவில்லை. கல்லூரிக்குப் போன முதல் ட்வோமி வேலைக்கு வந்த அன்றே மரச்சாமான் கேட்டாள் என்று பெயராகிவிடுமே. மேஜைக்கடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. கால் வைத்தேன்.

எட்டு மாதம், சித்தப்பா. அந்தப் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் மேல் அலமாரியில் அந்தப் பெட்டியைத் தேடினேன்.

இன்று காலை எட்னாவின் பென்சில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"ஏய், உன் காலுக்கடியில என்னடி எழுதியிருக்கு?"

"சோப்புப் பெட்டியா இருக்கும்."

"சோப்பு அரெகிப்பாவுலேர்ந்தாடி வருது?"

திறந்தோம். முப்பது தகடுகள். ஒன்றுகூட உடையவில்லை. மதியத்துக்குள் பார்த்து முடித்தேன். நான் பார்க்காமல் விட்ட ஒவ்வொரு மூன்றாம் நாளும் என் நட்சத்திரம் கொழுகொழுவென்று நின்றது. எட்னா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கால நீட்டியே இருபத்தொம்பதாயிரம் ஒளியாண்டு தள்ளிவிட்டுட்டியே! அவ்ளோ தூரம் போக ஒளிக்கே இருபத்தொம்பதாயிரம் வருஷம் ஆகும்டி! நீ எட்டே மாசத்துல முடிச்சுட்ட!"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பேசாம அலமாரியில வெச்சுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

நாளை நண்பகலில் எங்கள் நட்சத்திரத் தூரப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. அதில் என் பெயர் இருக்கிறது. நம் குடும்பத்தில் யார் பெயரும் இதுவரை அச்சில் வந்ததில்லை, மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதைத் தவிர. பெட்டியோடு அலமாரிவரை நடந்தேன். அப்போது பார்த்து உங்கள் விளக்குப் பதிவேடு நினைவுக்கு வந்து தொலைத்தது. "விளக்கு பதினோரு நிமிடம் அணைந்தது. காற்றால் அல்ல. நான் தூங்கிவிட்டேன்." நீங்களே எழுதி, நீங்களே திட்டு வாங்கினீர்கள். பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே நாளைக் காலை ஒன்பது மணிக்கு மிஸ் ஹாத்தவேயிடம் சொல்லப்போகிறேன். சொன்னதும் வேலை போய்விடும். சனிக்கிழமை மாலை ரயிலுக்கு வண்டி கொண்டுவாருங்கள். லீவில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பலகையைக் கழற்றிவிடுங்கள். சாயம் காயவில்லை என்று சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம், நம் ஊர் ஈரத்துக்கு அது பொய்யாகாது.

சித்திக்கு முத்தங்கள், கோழிகளுக்கு விசாரிப்புகள். கடவுள் உங்கள் திரியைக் காக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள, குட்டையான அண்ணன் மகள்,
உனா

பி.கு. வெள்ளி, மதியம் மூன்று மணி. சொல்லிவிட்டேன். மிஸ் ஹாத்தவே பெட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "எட்டலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். பிறகு முகமெல்லாம் சிவக்க, தன் மேஜைக்கடியிலிருந்து மெதுவாக ஒரு பெட்டியை இழுத்தார். "இருபத்தோரு வருஷமா எனக்கும் எட்டலை." அறையே எழுந்து தத்தம் காலடியைப் பார்த்தது. பன்னிரண்டு பெண்கள், ஒன்பது பெட்டிகள். அச்சு வேலையை நிறுத்திவிட்டார்கள். வானத்தில் ஒன்பது இடங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. என்னை வேலையைவிட்டு அனுப்ப அறையில் யாருக்கும் தகுதியில்லை. எட்னாவின் பெட்டியிலும் என் கொத்தின் தகடுகள் பதினான்கு கிடந்தன, அதனால் அறுபத்தோராயிரம் என்றும் எழுதிவிடாதீர்கள். வண்டி வேண்டாம். பலகை இருக்கட்டும், சாமியாரும் வரட்டும். என் பெயரைச் சாயத்தில் விட்டுவிட்டு, எண்ணை மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். அப்படியே பழைய பீப்பாய்ப் பலகையில் ஒன்பது கால்மனை செய்து அனுப்புங்கள், சித்தப்பா. என்னுடையது மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருக்கட்டும்.