சந்தனம் வைத்த மோடம்

மோடம் கார்டு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பத்ரிநாராயணன் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளங்கையால் அழுத்தினார். கடைசியில் லேப்டாப்பைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கார்டு அசைந்து கொடுப்பதாக இல்லை.

"சந்தனம் காஞ்சுடுத்தோ என்னமோ," என்றாள் சமையலறை வாசலில் நின்றிருந்த ஜலஜா.

"எந்தச் சந்தனம்?"

புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த வீட்டில் உபயோகத்துக்கு எடுப்பதில்லை. ஸ்கூட்டருக்கு வைத்தாயிற்று, ஃப்ரிட்ஜுக்கு வைத்தாயிற்று, மிக்சியின் நெற்றியில் வைத்தது இன்னும் அழியவில்லை. ஆனால் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி தட்டையாக இருந்த இந்தச் சாமானுக்கு முகம் எது, முதுகு எது என்று ஜலஜாவுக்குப் புரியவில்லை. காலையில் கணவரைக் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதுதான் முகம் என்று சொல்லிவிட்டார். சொன்னது என்னவோ ஒருவகையில் சரி. அந்தத் துளைகள் வழியாகத்தான் கார்டு லேப்டாப்போடு பேசியாக வேண்டும். ஜலஜா ஒரு துளை விடாமல், கனமாகக் குழைத்து அப்பியிருந்தாள்.

"ஏண்டி, யாராவது வாயில சந்தனத்த அடைப்பாளா?"

"நீங்கதானே முகம்னேள்."

வேறு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பத்ரி இதை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். இன்று முடியாது. சாயங்காலம் ஆறரைக்கு நியூஜெர்சியிலிருந்து சாய்சரண் இன்டர்நெட்டில் வரப் போகிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. அடையாற்றில் இருக்கும் அவன் அப்பா அம்மாவுக்குப் பத்ரியின் பெண் மதுவந்தியின் போட்டோ பிடித்துவிட்டது. பையன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஆவணியில் லீவு போட்டு வருவதற்கு முன், பெண்ணோடு ஒரு தடவையாவது சாட் பண்ணிவிட வேண்டும்.

பத்ரி யோசித்துப் பார்த்தார். குரல் கேட்காது, முகம் தெரியாது, வெறும் எழுத்து. கடுதாசி மாதிரிதானே? பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்துவிடலாம். முதல் வரியாக, தாம் பெண்ணின் தகப்பனார் என்று அறிமுகம் செய்துகொண்டு, நமஸ்காரம் சொல்வதாகவும் உத்தேசம் வைத்திருந்தார். அந்தத் தெம்பில், எங்காத்துலயே இன்டர்நெட் இருக்கே என்று அடையாற்றுக்காரர்களிடம் பெருமை அடித்துவிட்டார்.

இருந்தது, ஒரு மாதிரியாக. ஜலஜாவின் தம்பி, அமெரிக்காவில் குப்பையில் போட மனசில்லாமல் மயிலாப்பூரில் கொண்டுவந்து போட்ட பழைய லேப்டாப். போன் வழியாக இன்டர்நெட்டைப் பிடித்துத் தர வேண்டிய அதன் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். லைன் கிடைத்த மறு நிமிஷம் அறுத்துக்கொண்டுவிடும். அதனால்தான் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது மோடம் கார்டு வாங்கி வந்தார். கடைக்காரர் மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். தள்ளினால் உள்ளே போகிற சமாசாரத்துக்கு ஆள் எதற்கு என்று கேட்டுவிட்டு வந்தவர் பத்ரிதான்.

கையில் வளையல் மாட்டிக்கொண்டால் தேங்காயெண்ணெய் விடுவதில்லையா என்று ஜலஜா யோசனை சொன்னாள். பத்ரி அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினார். அவள் உள்ளே போனதும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்து வந்தார்.

எண்ணெய் வேலை செய்தது. கார்டு வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று உட்கார்ந்தது. பத்ரி வெற்றிக் களிப்போடு லேப்டாப்பை உயிர்ப்பித்தார். அப்படி ஒரு கார்டு இந்த உலகத்திலேயே இல்லை என்று அது சாதித்தது. சரி, வெளியே எடுத்துத் துடைக்கலாம் என்று பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். பொத்தானும் உள்ளே போயிற்று. கார்டும் வரவில்லை, பொத்தானும் வரவில்லை.

தலையை ஆற்றிக்கொண்டே அறையிலிருந்து வந்த மதுவந்தி, அப்பா மடியில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பாவமாக இருந்தது அவளுக்கு.

"லஸ்ல இன்டர்நெட் பிரௌசிங் சென்டர் இருக்காமே," என்றாள் ஜலஜா. "அங்க போய்ப் பேசிட்டு வந்துட்டா என்ன?"

"அங்கெல்லாம் வேண்டாம்மா," என்றாள் மதுவந்தி சட்டென்று. "கண்டவாளும் வர எடம்."

பத்ரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் யாருக்கு வாய்க்கும்? அவளுடைய அடக்கத்துக்காகவாவது இந்த இயந்திரத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

தையல் மெஷின் டிராயரில் இருந்த திருப்புளி லேப்டாப்பின் திருகாணிகளுக்குச் சரியாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி டபராவில் போட்டார். கீபோர்டைத் தோசை திருப்புகிற ஜாக்கிரதையோடு நெம்பித் தூக்கினார். அதனடியில் ரிப்பன் மாதிரி ஒரு வயர் இருந்திருக்கிறது. அது இருந்தது என்பதே அறுந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே மோடம், எண்ணெயும் சந்தனமும் குழைந்து, அபிஷேகம் முடிந்த கோலத்தில் பளபளத்தது.

அந்தச் சமயம் பார்த்து எதிர் ஃபிளாட் தணிகாசலம் உள்ளே வந்தார். அவருக்கு மின்சார வாரியத்தில் கணக்குப் பிரிவில் உத்தியோகம். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் வயர் வைத்த எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஒரு நாளும் மறுத்ததில்லை. குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தும் பார்த்தார்.

"ஈரம் சார், வேற ஒண்ணுமில்ல. மொட்ட மாடில வெயில்ல வைங்க. எங்க டிரான்சிஸ்டர் அப்படித்தான் பொழச்சுது."

மே மாத வெயில். ஜலஜா வடாம் உலர்த்தியிருந்த வேட்டியின் ஓரத்தில் லேப்டாப்புக்கும் திருகாணி டபராவுக்கும் இடம் போட்டார்கள். ஜலஜா வடாத்துக்குக் காவல் இருந்தாள். லேப்டாப்புக்கும் சேர்த்துக் காவல் இருக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்து பத்ரி எடுக்கப் போனபோது, திரையின் நடுவில் மை கொட்டினாற்போல் கறுப்பாகப் படர்ந்திருந்தது. டபராவில் இருந்த திருகாணிகளில் பாதியைக் காக்கை கொண்டுபோயிருந்தது. தணிகாசலத்துக்கு வீட்டில் விருந்தாளி வருகிற ஞாபகம் வந்துவிட்டது.

பத்ரி அழாத குறையாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அடையாற்றிலிருந்து சாய்சரணின் அப்பா. பையன் எழுந்து தயாராகிவிட்டானாம். அங்கே எல்லாம் ரெடிதானே என்று கேட்டார்.

"பேஷா ரெடி," என்றார் பத்ரி, மடியிலிருந்த கீபோர்டைத் தடவிக்கொண்டே.

அடையாற்றுக்காரர் போனை வைப்பதற்கு முன், நங்கநல்லூரில் ஒரு ஜாதகமும் பொருந்தியிருக்கிறது, இருந்தாலும் உங்களைத்தான் மனசில் வைத்திருக்கிறோம் என்று பிரியமாகச் சொல்லிவைத்தார். ஒரு பாழாய்ப் போன கார்டால் பெண்ணின் வாழ்க்கையே கைநழுவிப் போகப் போகிறது என்று பத்ரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மது, புடவையக் கட்டிண்டு கெளம்பு. லஸ்ஸுக்குப் போறோம்."

மதுவந்திக்குத் தலையை வலித்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும், மந்தைவெளியில் இதைவிடப் பெரிய சென்டர் இருக்கிறதாம் என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார். லஸ்ஸில் இறங்கியதும், தான் பிள்ளையாரைச் சேவித்துவிட்டு வருவதாகவும், அப்பா முதலில் போய் இடம் பிடிக்கட்டும் என்றும் சொன்னாள். இத்தனை அவசரத்திலும் பெண்ணுக்குப் பிள்ளையார் ஞாபகம் வருகிறதே என்று பத்ரி நெகிழ்ந்து போனார்.

'ஜஹனாரா பிரௌசிங் சென்டர்' மாடியில் இருந்தது. பிளைவுட் தடுப்புகள் எல்லாவற்றிலும் ஆட்கள். மூலையில் ஒன்று மட்டும் காலி. பத்ரி பாய்ந்து போய் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டும் வேணாம் சார்," என்றாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா ஜஹனாரா. "அது ஒரு பொண்ணோட எடம். வேற யாருக்கும் குடுக்கறதில்ல."

பத்ரிக்கு மானம் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் காலையிலிருந்து பட்ட பாட்டைக் கொட்டித் தீர்த்தார். தன் பெண் அமெரிக்கா மாப்பிள்ளையோடு முதன்முதலாகப் பேசப் போகிறாள், இது நடக்காவிட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று கையைக் கூப்பிவிட்டார்.

ஜஹனாராவுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து வந்து நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள்.

"சரி, உக்காருங்க சார். அந்தப் பொண்ணும் அமெரிக்கா மாப்பிள்ளகூடதான் ஒரு வருஷமா தெனம் இங்க பேசிக்கினு இருக்குது. இன்னிக்கு வராது. அவங்கப்பா ஊட்லயே மோடம் மாட்டறாராம், அவரு பக்கத்துல உக்காந்துக்கினு மொதமொதல்ல பேசற மாதிரி நடிக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு."