திரும்பி வருவதற்கு ஒரு மீன்

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நம்பிக்கை இல்லையாம். விசா ஆபீஸ்காரன் எழுதியே குடுத்திருக்கான்," என்றார் ஹ்மிதா, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு.

ஷெத்லியின் சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது. "வராம? இந்த நாற்காலியை லியோனுக்குத் தூக்கிட்டா போகப்போறேன்?"

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஷெத்லிக்கு முடிதிருத்தும் கடை. மகனும் மகளும் பிரான்சில். 'அடுத்த கோடையில வர்றோம் பாபா' என்று கோடைக்குக் கோடை சொல்வார்கள். மகளின் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. தாத்தா பார்த்ததெல்லாம் கைப்பேசியில்தான். ஆசையாக முத்தம் கொடுக்கப் போனால் கன்னம் பட்டு அழைப்பு அறுந்துபோகும்.

ஹ்மிதா, காலமான மனைவியின் தம்பி. விசா விஷயத்தில் தெருவுக்கே ஆலோசகர். விசா கிடைத்த அனுபவம் கிடையாது. மறுக்கப்பட்ட அனுபவம் ஏராளம்.

"ரெண்டு வழி இருக்கு மச்சான். பிள்ளைங்களை நம்பி இருக்கிற அப்பான்னு அங்கேயே தங்கப் போறது ஒண்ணு. அதுக்கு இங்க நாதியே இல்லைன்னு காட்டணும். சும்மா பாத்துட்டு வர்றது இன்னொண்ணு. அதுக்கு இங்க உங்களை விடவே மாட்டாங்கன்னு காட்டணும். நீங்க ரெண்டாவது வழிக்குப் போய் முதல் வழிக்கு அழுதிருக்கீங்க."

"அழச் சொன்னது யாருடா?"

"அது போன மாச யோசனை. இப்போ உங்களை இழுத்துப் பிடிக்க ஊர்ல யார் இருக்கா?"

"பூனை இருக்கு."

"பூனை பத்தாது. கட்டிக்கப்போற பொண்ணு வேணும்."

எதிர்வீட்டு மன்னூபியாவும் தனியாள்தான். கணவர் இல்லை, பையன்கள் இத்தாலியில். ஹ்மிதா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் கூஸ்கூஸ் ரவை சலிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

"சும்மா பேருக்கு நிச்சயம். படம் எடுக்கணும், அவ்வளவுதானே? சரி. ஆனா மீன் வேணும். மீனைத் தாண்டாத ஜோடியை ஸ்ஃபாக்ஸ்ல எவன் நம்புவான்?"

"அக்கா, அது கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை தாண்டுறதாச்சே!"

"பிரான்ஸ்காரனுக்கு அது தெரியுமா?"

பிரான்ஸ்காரனுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியும்.

வாசலில் ஒரு பெரிய களவா மீனைக் கிடத்தி, ஷெத்லியும் மன்னூபியாவும் கைகோத்துத் தாண்டினார்கள். முதல் படத்தில் ஹ்மிதாவின் கட்டைவிரல் விழுந்தது. இரண்டாவது முறை தாண்டும்போது மாடிகளில் இருந்து குலவை கிளம்பியது. மூன்றாவது முறைக்கு யாரோ மேளம் கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் சவரத்துக்கு வந்தவர்களெல்லாம் ஷெத்லியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார்கள். அவர் சட்டையெல்லாம் சோப்பு.

"ஊர் வாயை மூடு மாப்ளே," என்று ஹ்மிதாவிடம் கெஞ்சினார்.

ஹ்மிதா காப்பிக்கடையில் போய் உண்மையைப் போட்டு உடைத்தார். "கல்யாணமெல்லாம் இல்லப்பா. எல்லாம் விசாவுக்காக!"

மாலைக்குள் செய்தி முற்றிக் கனிந்தது: ஷெத்லி புதுப் பெண்டாட்டியோடு பிரான்சுக்கே குடிபோகிறார். கடையை வாடகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர் கைப்பேசி உறை விற்கும் ஒருவரை அழைத்து வந்து சுவரை அளக்கவிட்டார்.

"நான் திரும்பி வருவேன்யா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் சொந்தக்காரர். அவரும் விசா கொடுக்கிறவர் மாதிரியே பேசினார்.

அன்று மகளின் அழைப்பு விடாமல் வந்தது. ஷெத்லி கைப்பேசியைத் துண்டுகளுக்கு அடியில் புதைத்தார். அது அங்கேயே கிடந்து முனகியது.

மறுபடி போட்ட விசா மனுவுக்கு நேர்காணல் நாள். கோட்டு போட்டு, காதில் மல்லிகைச் செண்டு செருகி, மீன் படங்களோடு கதவைத் திறந்தார். வாசலில் டாக்ஸி. பெட்டிகள். மகன். மகள். மகள் இடுப்பில் குழந்தை.

"இந்தக் கல்யாணம் நடக்காது பாபா!" என்றான் மகன்.

"இந்த வயசுல மீனைத் தாண்டுறீங்களா? முட்டி என்னத்துக்கு ஆகும்?" மகளுக்குக் கையை வீசிக் கத்த வேண்டியிருந்தது. குழந்தையை அப்பாவிடம் திணித்தாள்.

குழந்தை மல்லிகையைப் பிடுங்கி வாயில் போட்டது. பிறகு மீசையைப் பிடித்து இழுத்தது. ஷெத்லி முத்தம் கொடுத்தார். எதுவும் அறுந்துபோகவில்லை. இன்னொன்று கொடுத்தார். அதன்பின் பிள்ளைகள் கத்தியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"மச்சான், நேர்காணல்!" என்று ஓடிவந்தார் ஹ்மிதா.

"யாரைப் பார்க்கப் போறதுக்குடா?"

"என்ன நேர்காணல்?" என்றாள் மகள்.

"உங்களைப் பார்க்க வர்றதுக்குத்தான்மா விசா கேட்டேன். அதுக்குத்தான் மீன், கல்யாணம், எல்லாம். அத்தனையும் பொய்."

மகனின் கை அப்படியே இறங்கியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யா? மன்னூபியா அத்தையே போன் பண்ணி, தேதி குறிச்சாச்சுன்னு சொன்னாங்களே!"

எல்லோரும் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். மன்னூபியா, ஒரு தெருவுக்கே போதுமான கூஸ்கூஸ் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அந்த டாக்ஸியைக் கொஞ்சம் ஓரமா விடச் சொல்லுங்கம்மா," என்றாள். "என் பசங்களும் கல்யாணத்தை நிறுத்த வந்துக்கிட்டிருக்காங்க."